மொட்டைக் கடிதம் எழுதலாமா?



'மொட்டைக் கடிதம்' என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அடியில் கையெழுத்து இருக்காது. எழுதியது யார் என்று தெரியாது. ஆனால் யாரையாவது பற்றி மோசமாக எழுதியிருக்கும். அந்தக் காலத்தில் அது தபாலில் வரும். சில சமயம் சுவரில் ஒட்டியிருக்கும். இப்போது செல்போனுக்குள் குடியேறிவிட்டது. ஒரு கடையின் பெயரைத் தட்டினால் போதும். 'மகா மட்டம்', 'ஏமாற்றுக் கடை' என்று ஊர் பேர் தெரியாத பலர் எழுதியிருப்பார்கள். ஐந்து நட்சத்திரத்துக்கு ஒன்றே ஒன்று கொடுத்திருப்பார்கள். அதையெல்லாம் நம்பலாமா? நாமும் அப்படி எழுதலாமா?

பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நானே ஒரு மொட்டைக் கடிதம் எழுதியவன்தான்!

1974ஆம் ஆண்டு. நாகப்பட்டினத்தில் நான் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அம்மா துணிப்பையைக் கொடுத்து, ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்கி வரச் சொன்னார். வாங்கி வந்தேன். அம்மா ஆழாக்கால் அளந்து பார்த்துவிட்டு, "எப்போதும் ஏழு ஆழாக்கு இருக்குமே! இன்றைக்கு ஆறுதான் இருக்கிறது" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். கையெழுத்து தெரியக்கூடாது என்று இடது கையால், 'இந்தக் கடையில் எடை மோசம். ஜாக்கிரதை!' என்று எழுதினேன். இருட்டியதும் சோற்றுப் பசை தடவி, கடைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

மறுநாள் தெருவே அதைப் படித்தது. "எனக்கும் போன வாரம் குறைந்த மாதிரிதான் இருந்தது" என்றார் ஒருவர். "எனக்கும்தான்" என்றார் இன்னொருவர். அதுவரை வாயே திறக்காதவர்கள் அவர்கள்! கடையில் கூட்டம் குறைந்தது. எனக்கோ உள்ளூரப் பெருமை.

பத்து நாள் கழித்து அம்மா அந்தப் பையைத் துவைக்க எடுத்தார். மூலையில் ஓரிடத்தில் தையல் விட்டுப்போயிருந்தது. மடிப்பில் இரண்டு பருப்பு சிக்கியிருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. பருப்பு கடையில் குறையவில்லை. வருகிற வழியெல்லாம் நான்தான் சிந்திக்கொண்டு வந்திருக்கிறேன்!

அழுதுகொண்டே அப்பாவிடம் சொன்னேன். அவர் அடிக்கவில்லை. கையைப் பிடித்துக் கடைக்கு அழைத்துப் போனார். கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டார். படிக்கல்லை எடுத்து, அதிலிருந்த அரசாங்க முத்திரையைக் காட்டினார். "தம்பி, அன்றைக்கே வந்து கேட்டிருந்தால் உன் கண் எதிரிலேயே மறுபடி நிறுத்துக் காட்டியிருப்பேனே! எழுதினது யார் என்று தெரியாமல் நான் யாரிடம் போய்ப் பதில் சொல்லுவேன்?" என்றார்.

தாளை அன்றே கிழித்துப் போட்டேன். ஆனால் ஊர்ப் பேச்சைக் கிழிக்க முடியவில்லை. அந்தக் கடை பழைய நிலைமைக்கு வர அடுத்த தீபாவளி ஆகிவிட்டது.

என் தாள் ஒரு தெருவைத்தான் கெடுத்தது. இன்றைக்கு ஒரு செய்தி ஒரே நாளில் நாடு முழுக்கப் போய்விடும். நாம் தினமும் சாப்பிடும் அரிசிக்கே அந்தக் கதி வந்தது! 2017 ஜூன் மாதம் 'பிளாஸ்டிக் அரிசி விற்கிறார்கள்' என்று தெலங்கானா, ஆந்திரம், தமிழ்நாடு எங்கும் வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. சாதத்தை உருண்டை பிடித்துத் தரையில் அடித்தால் பந்து மாதிரி எழும்புகிறது என்று படம் காட்டினார்கள். ஐதராபாத்தில் அதிகாரிகள் அரிசியை எடுத்துப் பரிசோதித்தார்கள். அது அரிசியேதான்! வெந்த அரிசியில் இருக்கும் மாவுச்சத்து பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும். அழுத்தி உருட்டினால் அது எழும்பத்தான் செய்யும். நம் காவிரிக் கரைப் பாட்டிகளைக் கேட்டிருந்தால், "சோற்றில் தண்ணீர் ஊற்றி வை, காலையில் புளித்துப் பழைய சோறாகிறதா பார். பிளாஸ்டிக் புளிக்குமா?" என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள்!

பிறகு ரேஷன் அரிசியிலும் இதே பயம் வந்தது. அரிசியைக் களையும்போது சில மணிகள் மிதந்தன. அவை செறிவூட்டிய அரிசி மணிகள். அரிசி மாவில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து, அரிசி வடிவத்திலேயே செய்வார்கள். 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ என்ற கணக்கில் கலந்தார்கள். ரத்தசோகையைக் குறைப்பதற்கான ஏற்பாடு அது. மிதந்தது உண்மை, பிளாஸ்டிக் என்பது பொய். என் கதையிலும் அப்படித்தானே? ஒரு ஆழாக்கு குறைந்தது உண்மை. காரணம்தான் வேறு. நாம் கண்ணால் பார்த்தது ஒன்று. அதிலிருந்து நாமாக முடிவு கட்டுவது வேறொன்று.

திட்டுவதில்தான் பொய் என்றில்லை, புகழ்வதிலும் உண்டு. லண்டனில் ஊபா பட்லர் என்ற இளைஞர் இருந்தார். ஒரு விமர்சனத்துக்கு 10 பவுண்டு வாங்கிக்கொண்டு, போகாத ஹோட்டல்களைப் பாராட்டி எழுதியவர் அவர். 2017இல் தன் தோட்டத்துக் கொட்டகையையே ஒரு ஹோட்டல் என்று டிரிப் அட்வைசரில் பதிவு செய்தார். நண்பர்களை விட்டு 'ஆஹா, ஓஹோ' என்று எழுதச் சொன்னார். அந்த ஆண்டு நவம்பரில் லண்டன் ஹோட்டல்களிலேயே அதற்கு முதல் இடம்! அதுவரை அங்கே ஒருவருக்கும் ஒரு வாய் சோறுகூடப் பரிமாறியது கிடையாது. இந்த மோசடியை அவரே பிறகு உலகத்துக்குச் சொன்னார்.

அப்படியானால் பெயரை மறைத்துப் புகார் செய்வது எப்போதுமே தப்பா? இல்லை, குழந்தைகளே. சத்யேந்திர துபே என்ற இளம் பொறியாளர் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் வேலை பார்த்தார். தங்க நாற்கரச் சாலைப் பணியில் ஒப்பந்தக்காரர்கள் செய்த முறைகேடுகளைப் பற்றி 2002இல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயரை ரகசியமாக வைத்திருக்கும்படி கேட்டுக்கொண்டார். ஆனால் கடிதம் பல கை மாறியது. பெயர் வெளியே தெரிந்துவிட்டது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர் எழுதியது மொட்டைக் கடிதம் அல்ல. விசாரிக்க வேண்டியவர்களுக்குத் தன் பெயரைச் சொன்னார். ஊருக்குத்தான் தெரிய வேண்டாம் என்றார். நான் எழுதியதோ யாரும் என்னைத் திருப்பிக் கேள்வி கேட்கக்கூடாது என்பதற்காக! இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பயம் இருந்தால் பெயரை ஊருக்கு மறைக்கலாம். ஆனால் 'நீ என்ன பார்த்தாய்?' என்று கேட்க வேண்டியவர் கேட்டால், பதில் சொல்ல நாம் நிற்கவேண்டும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் வெளியிட்ட ஐ.எஸ். 19000 என்ற விதிமுறையும் இதைத்தான் சொல்கிறது. விமர்சனம் எழுதியவர் உண்மையான ஆள்தானா என்று சரிபார்க்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய விமர்சனத்தை வெளியிடக்கூடாது.

புகார் எப்படிச் செய்ய வேண்டும் என்று நமக்குக் கற்றுக்கொடுத்தவள் பக்கத்துப் பூம்புகாரில் பிறந்த கண்ணகி. பாண்டியன் சபையில் தன் ஊரைச் சொன்னாள், கணவன் பெயரைச் சொன்னாள். 'என் சிலம்பில் இருப்பது மாணிக்கம்' என்றாள். சிலம்பை உடைத்தே காட்டினாள். விசாரிக்காமல் தண்டனை கொடுத்த அரசன் தலைகுனிந்தான்.

நீங்களும் ஒரு கடையைப் பற்றிக் குறை சொல்லும் முன் இவற்றைச் செய்யுங்கள்:

1. முதலில் உங்கள் பையைப் பாருங்கள்!

2. பில்லையும் பொருளையும் பத்திரமாக வையுங்கள்.

3. பெரியவர்களோடு போய்க் கடைக்காரரிடமே கேளுங்கள். அவர் சொல்வதையும் காது கொடுத்துக் கேளுங்கள்.

4. நியாயம் கிடைக்கவில்லையா? வீட்டுப் பெரியவர்களை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசச் சொல்லுங்கள். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமும் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கியவற்றுக்கு அங்கே வழக்குக் கட்டணம் கிடையாது.

5. இணையத்தில் எழுதினால் என்று வாங்கினீர்கள், என்ன வாங்கினீர்கள், என்ன குறை என்று பார்த்ததை மட்டும் எழுதுங்கள். தவறு என்று பிறகு தெரிந்தால் உடனே திருத்துங்கள்.

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பார்கள். இன்றும் துணிப்பையைக் கையில் எடுத்தால், என் விரல் தானாக மூலைத் தையலைத் தடவிப் பார்க்கும்!