கல்யாணத்தை நடத்தி வைப்பவர் யார்?

ஜப்பானில் ஓட்டல் வளாகங்களுக்குள் தேவாலயங்கள் உண்டு. ஞாயிறு வழிபாடு கிடையாது, சபை கிடையாது, கல்யாணம் மட்டும்தான். பீடத்தில் நீள அங்கி அணிந்து நிற்பவர் பெரும்பாலும் ஒரு வெள்ளைக்காரர். பைபிளைத் திறந்து, அந்நிய வாடை வீசும் ஜப்பானிய மொழியில் உறுதிமொழி கேட்பார், மோதிரம் மாற்றச் சொல்வார், ஆசி கூறுவார். இருபது, முப்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்து அடுத்த ஜோடி வாசலில் காத்திருக்கும். திங்கட்கிழமை அவரே ஏதோ ஒரு பள்ளியில் ஆங்கில இலக்கணம் நடத்திக்கொண்டிருப்பார்.

மணமக்கள் கிறிஸ்தவர்களா? அநேகமாக இல்லை. ஜப்பானில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். ஆனாலும் 1990களில் கிறிஸ்தவ முறைக் கல்யாணம் உள்நாட்டு மதமான சிந்தோவின் முறையை முந்திவிட்டது. அந்த சிந்தோ முறையும் ஆதிகாலத்து வழக்கம் அல்ல. 1900-இல் பட்டத்து இளவரசர் யோஷிஹிதோவின் திருமணம் அரண்மனை ஆலயத்தில் நடந்தபிறகுதான் மக்களிடம் பரவியது. அதற்கு முன் வீட்டில் சாகே அருந்திக் குடும்பம் கூடிக் கொண்டாடியதே கல்யாணம். 1980-இல் உச்சப் புகழில் இருந்த பாடகி மோமோயே யமகுச்சி தோக்கியோவின் ரெய்னன்சாகா தேவாலயத்தில் மணமுடித்தார். மறுவருடம் பிரிட்டிஷ் இளவரசி டயானாவின் திருமணம் தொலைக்காட்சியில் வந்தது. வெள்ளை கவுனுக்கு ஆசைப்பட்ட பெண்கள் பெருகினார்கள்; கவுனுக்கேற்ற மண்டபம் வந்தது, மண்டபத்துக்கேற்ற முகமும் தேவைப்பட்டது.

உள்ளூரிலேயே போதகர்கள் இல்லாமலா? இருக்கிறார்கள். முறையாகக் குருப்பட்டம் பெற்ற வெளிநாட்டு மிஷனரிகளும் இந்த வேலையைச் செய்கிறார்கள். ஆனால் பலர் எந்தச் சபையும் அனுப்பாமல், திருமண நிறுவனம் தேர்ந்தெடுத்து, சடங்குக்கு ஏறத்தாழ 10,000 யென் என்ற கணக்கில் கூலி வாங்குபவர்கள். படத்தில் பார்த்தது போலவே இருக்கவேண்டும் என்பதுதான் வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பு. குருப்பட்டம் இல்லாதவர் அங்கி அணிந்து நிற்பதை ஏமாற்று என்று முகம் சுளிக்கும் போதகர்கள் உண்டு. மணமக்களோ அவரிடம் சான்றிதழ் கேட்பதில்லை.

நாமும் அதிகம் பேச முடியாது. 2014-இல் ஒரு ஜப்பானிய ஜோடி மதுரைக்கு வந்து பட்டுப்புடவை, வேட்டி கட்டி, மந்திரம் ஓதித் தமிழ் முறைப்படி திருமணம் செய்துகொண்டது. நாதஸ்வரம் சகிதம் நடந்த அந்த வைபவத்தை நம் பத்திரிகைகள் பூரித்துப்போய் எழுதின.

ஜப்பானில் கூலிக்கு அங்கி அணியும் ஏற்பாடு இத்தனை சுலபமாக நடப்பதற்கு முக்கியக் காரணம் சட்டம். அங்கே சட்டப்படி திருமணம் நடப்பது தேவாலயத்திலும் அல்ல, சிந்தோ ஆலயத்திலும் அல்ல. இரண்டு சாட்சிகளின் கையொப்பத்துடன் ஒரு படிவத்தை நகராட்சி அலுவலகத்தில் கொடுத்து அவர்கள் ஏற்றுக்கொண்டால் முடிந்தது. அங்கி அணிந்தவர் யாராக இருந்தாலும் சட்டத்துக்குக் கவலையில்லை.

நம் பக்கம், யார் நடத்திவைத்தால் கல்யாணம் செல்லும் என்ற கேள்வி நீதிமன்றம் வரை போய்ப் பல பத்தாண்டுகள் இழுத்தது. 1928-இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் புரோகிதர் இல்லாமல் பெரியார் தலைமையில் நடந்ததே முதல் சுயமரியாதைத் திருமணம் என்பார்கள். பிறகு ஊர் ஊராகப் பரவியது. தலைவர் பேசுவார், மணமக்கள் மாலை மாற்றுவார்கள், அவ்வளவுதான். ஆனால் 1953-இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் அப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்றது. மேடையில் கைதட்டு வாங்கிய எத்தனையோ தம்பதிகள் சட்டத்தின் கண்ணில் தம்பதிகள் அல்லர் என்று ஆயிற்று. 1967-இல் ஆட்சிக்கு வந்த அண்ணா, இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்து, ஏற்கெனவே நடந்தவற்றுக்கும் செல்லுபடி தந்தார். உறவினர், நண்பர் அல்லது வேறு யார் முன்னிலையிலாவது தங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ, தாலி கட்டினாலோ போதும். 2023-இல் உச்சநீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. கூட்டம் கூட்டி அறிவிக்கவேண்டிய அவசியமில்லை, வழக்கறிஞர்கூடத் தனிப்பட்ட முறையில் முன்னின்று நடத்தலாம் என்றது.

மும்பைத் தமிழருக்கு இங்கேதான் ஒரு சிக்கல். 7-ஏ தமிழ்நாடு செய்த மாநிலத் திருத்தம். மகாராஷ்டிரத்தில் அது இல்லை. தாராவியில் பெரியார் தொண்டர் தலைமையில் மாலை மாற்றிக்கொண்டு, அதே பிரிவைக் காட்டி இங்கே உரிமை கோர முடியாது. மகாராஷ்டிரத்தின் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுப் படிவத்தில் மணமக்கள், மூன்று சாட்சிகள் ஆகியோருடன் புரோகிதரின் கையொப்பத்துக்கும் ஓர் இடம் இருக்கிறது. மாட்டுங்காவில் வாத்தியார் வைத்து நடத்தியவர்கள் அந்த இடத்தைச் சட்டென்று நிரப்பிவிடுவார்கள். யாரையும் வைக்காதவர்கள் விழிப்பார்கள்.

யாரோ ஒருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டால் ஆயிற்று என்று நினைப்பதிலும் ஆபத்து உண்டு. சடங்கே நடக்காமல் வெறும் சான்றிதழ் வைத்திருந்தால் அது இந்து திருமணம் ஆகாது என்று 2024-இல் உச்சநீதிமன்றம் கறாராகச் சொல்லிவிட்டது. ஜப்பானுக்கு நேர் எதிர்: அங்கே காகிதம்தான் கல்யாணம், சடங்கு அலங்காரம். இங்கே சடங்குதான் கல்யாணம், காகிதம் அதற்குச் சாட்சி.

சடங்கு வேண்டும் என்றாலும் அதைச் செய்பவர் ஆணாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. 2021 பிப்ரவரியில் நடிகை தியா மிர்ஸாவின் திருமணத்தை மும்பையில் நடத்தி வைத்தவர் ஷீலா அட்டா என்ற பெண் புரோகிதர். புனேயின் ஞானப் பிரபோதினி பல ஆண்டுகளாகவே பெண்களுக்குப் புரோகிதப் பயிற்சி அளித்து வருகிறது.

புரோகிதரே வேண்டாம் என்பவர்களுக்கு 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. முப்பது நாள் முன்னறிவிப்பு, மூன்று சாட்சிகள், திருமண அதிகாரி. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் முப்பது நாளாவது குடியிருந்திருக்க வேண்டும். அதனால் முகவரி முக்கியம். தாராவியும் மாட்டுங்காவும் மும்பை நகர மாவட்டம், செம்பூர் புறநகர் மாவட்டம். கழிமுகப் பாலம் தாண்டி நவி மும்பையின் சான்பாடாவில் குடியிருப்பவரோ தாணே மாவட்ட அதிகாரியிடம்தான் போகவேண்டும். கூடுதல் கட்டணம் செலுத்தினால் அந்த அதிகாரி நியாயமான தொலைவில் உள்ள மண்டபத்துக்கே வந்து மணத்தை நடத்திவைக்கவும் சட்டம் இடம் தருகிறது. அவர் முன்னிலையில் மணமக்கள் புரியும் மொழியில் உறுதிமொழி சொல்லவேண்டும். மற்றபடி மாலை மாற்றுவதும் தாலி கட்டுவதும் தலைவரைப் பேசவிடுவதும் அவர்கள் விருப்பம்.