வான் நோக்க ஒரு பைனாகுலர்: வாங்கும் முன் கண்ணைப் பற்றியும் சில செய்திகள்

கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து மறுபரிசோதனைக்கு வரும் முதியவர்களுள் சிலர், "டாக்டர், நட்சத்திரங்கள் இப்போது புள்ளி புள்ளியாகத் தெளிவாகத் தெரிகின்றன" என்று மகிழ்ச்சியோடு கூறுவதுண்டு. அதைத் தொடர்ந்து, "பேரப்பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டும், தொலைநோக்கி வாங்கலாமா?" என்று கேட்பவர்களும் உண்டு. தொடக்கத்தில் தொலைநோக்கி தேவையில்லை, நல்லதொரு பைனாகுலரே போதும் என்பதே என் விடை. அதில் இரு கண்களாலும் இயல்பாகப் பார்க்கலாம். காட்சி தலைகீழாகத் தெரியாது. பகலில் பறவைகளைக் காணவும் பயன்படும். பத்தாயிரம் ரூபாய்க்குள்ளேயே தரமான ஒன்றை வாங்கிவிடலாம். ஆனால் தேர்வில் கவனம் தவறினால் பணம் வீணாகும். பயன்பாட்டில் கவனம் தவறினால் பார்வையே பறிபோகும். ஆகவே இக்கட்டுரையில் இரண்டையும் சேர்த்தே விளக்குகிறேன்.

இரண்டு எண்களின் பொருள்

பைனாகுலரின் மேல் 7×35, 8×42, 10×50 என்பன போன்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் உருப்பெருக்கத்தையும், இரண்டாம் எண் முன்புற வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கும். வான் நோக்குவோருக்கு இரண்டாம் எண் மிகவும் முக்கியமானது. இருளில் ஓர் இளைஞரின் கண்பாவை ஏறத்தாழ 7 மி.மீ. வரை விரியும். 50 மி.மீ. வில்லை அதனைப்போல் ஏறத்தாழ 50 மடங்கு ஒளியைத் திரட்டித் தரும். வெறுங்கண்ணுக்குப் புலப்படாத மங்கலான நட்சத்திரங்கள் பைனாகுலரில் தெரிவதற்கு இதுவே காரணம்.

இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுத்தால், கருவியிலிருந்து கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 10×50 கருவியில் அது 5 மி.மீ.; 7×50 கருவியில் 7 மி.மீ. ஒளிக்கற்றை பாவையை விடப் பெரிதாக இருந்தால் மிகுதியான ஒளி கருவிழித்திரையில் பட்டு வீணாகும்.

இங்கேதான் வயது குறுக்கிடுகிறது. அறுபதைக் கடந்த பலருக்கு இருளிலும் பாவை 5 மி.மீ. அளவுக்கே விரிகிறது. நீண்ட நாள் நீரிழிவு உள்ளவர்களுக்கும், புரோஸ்டேட் வீக்கத்துக்கான சில மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கும் அது மேலும் சிறுத்திருக்கலாம். பாவை 5 மி.மீ. மட்டுமே விரியும் ஒருவர் 7×50 கருவியை வாங்கினால், 7×35 கருவி தரும் வெளிச்சமே அவருக்குக் கிட்டும். வீணாகக் கனமான கருவியைச் சுமக்க நேரும். ஆகவே குடும்பத்தில் முதியவரும் சிறுவரும் சேர்ந்து பயன்படுத்த 8×42 அல்லது 10×50 ஏற்றது. 10×50 பெரும்பாலும் ஒரு கிலோ எடையை நெருங்கும். கை நடுக்கம் உள்ளவர்களும் சிறுவர்களும் 8×42 அல்லது 7×35 வாங்குவது நலம். பத்து மடங்குக்கு மேற்பட்ட உருப்பெருக்கத்தைத் தாங்கியின்றிக் கையில் பிடித்துப் பார்த்தால், காட்சி ஆடிக்கொண்டே இருக்கும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

எந்த நிறுவனத்தின் பெயரையும் இங்கே நான் பரிந்துரைக்கப் போவதில்லை. பின்வருவனவற்றை நீங்களே சோதித்துக் கொள்ளலாம்.

உருப்பெருக்கத்தை மாற்றக்கூடிய ஜூம் வகை, செந்நிறமாக மின்னும் வில்லைகள் கொண்டவை, குவியத்தைச் சரிசெய்யும் திருகே இல்லாதவை ஆகியவற்றைத் தவிர்க்கவும். மலிவான சில கருவிகளில் பெரிய எண்களைப் பொய்யாக அச்சிட்டிருப்பார்கள். முன்வில்லையின் விட்டத்தை ஓர் அளவுகோலால் அளந்தாலே உண்மை தெரிந்துவிடும்.

கருவியை ஒரு கை தூரத்தில் பிடித்து, வெளிச்சமான சுவரை நோக்கி, கண் வைக்கும் வில்லைகளைப் பாருங்கள். அங்கே தோன்றும் சிறு ஒளிவட்டங்கள் முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம்போல் தெரிந்தால், உள்ளிருக்கும் முப்பட்டகங்கள் தரம் குறைந்தவை. விவரக் குறிப்பில் 'பேக்-4' கண்ணாடி என்றிருப்பது நல்ல அறிகுறி. ஒரே விலையில் ஒப்பிட்டால், வளைந்த தோள் போன்ற அமைப்புடைய பழைய போரோ வகையே நேரான குழல் வகையை விடப் பெரும்பாலும் தெளிவான காட்சியைத் தரும்.

பிறகு தொலைவிலுள்ள ஒரு பெயர்ப்பலகையை இரு கண்களாலும் பாருங்கள். எழுத்துகள் இரட்டையாகத் தெரிந்தாலும், சில நிமிடங்களில் கண் வலித்தாலும், குழல்கள் இரண்டும் ஒரே திசையில் அமையவில்லை என்று பொருள். அதனை வாங்க வேண்டாம். குழந்தைக்காக வாங்குவதானால் அக்குழந்தையையும் அழைத்துச் செல்லுங்கள். குழந்தைகளின் கண்களுக்கு இடையேயான தூரம் குறைவு. கருவியை முழுவதும் மடக்கியும் இரு வட்டங்கள் ஒன்றாக இணையாவிட்டால் அது அக்குழந்தைக்கு உதவாது.

கண்ணாடி அணிபவர்களுக்கு

கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குவியத் திருகாலேயே சரிசெய்து கொள்ளலாம். சிதறல் பார்வை உள்ளவர்களுக்கு அது போதாது. நட்சத்திரங்கள் கோடுகளாக நீளும். அவர்கள் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். அதற்கு, வில்லைக்கும் கண்ணுக்கும் இடையே 15 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட இடைவெளி தரும் கருவி தேவை. விவரக் குறிப்பில் இந்த அளவு தரப்பட்டிருக்கும்.

இரு கண்களின் பவர் வேறுபட்டால் முதலில் வலப்புற முன்வில்லையை மூடி, இடக்கண்ணால் பார்த்து நடுத்திருகைச் சரிசெய்யுங்கள். அடுத்து இடப்புறத்தை மூடி, வலக்கண் வில்லையிலுள்ள வளையத்தைத் திருப்புங்கள். ஒருமுறை இவ்வாறு அமைத்துவிட்டால் பின்னர் நடுத்திருகை மட்டும் திருப்பினால் போதும்.

எவற்றைக் காணலாம்?

வளர்பிறை எட்டாம் நாளை ஒட்டி நிலவில் வெளிச்சமும் இருளும் சந்திக்கும் விளிம்பில் பள்ளங்கள் தெளிவாகத் தெரியும். வெறுங்கண்ணுக்கு ஆறேழு நட்சத்திரங்களாகத் தெரியும் கார்த்திகைக் கூட்டத்தில், மார்கழி, தை மாத இரவுகளில் பல பத்து நட்சத்திரங்களைக் காணலாம். கலிலியோ 1610-இல் கண்ட வியாழனின் நான்கு நிலவுகளைக் கையை அசையாமல் ஊன்றிப் பிடித்தால் காணலாம். ஏப்ரல், மே மாதங்களில் தென்வானில் தாழ்வாகத் தெரியும் ஒமேகா செண்டாரி என்னும் நட்சத்திரக் கொத்து, லண்டனில் வாழ்பவர்களுக்குக் கிட்டாத காட்சி. சனியின் வளையங்கள் மட்டும் இக்கருவியில் தெரியா. குழந்தைகளிடம் இதனை முன்பே கூறிவிடுங்கள்.

கண் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். அதுவரை கைப்பேசியைப் பார்க்க வேண்டாம். மங்கலான பொருளை நேராக நோக்காமல் சற்றே ஓரமாக நோக்கினால் நன்றாகத் தெரியும். மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் மையத்தில் இல்லை.

சில எச்சரிக்கைகள்

பைனாகுலரால் சூரியனை ஒரு கணமும் பார்க்கக் கூடாது. விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. அது வெந்துபோவது பார்ப்பவருக்குத் தெரியாது. சில மணி நேரம் கழித்தே பார்வையின் நடுவில் கரும்புள்ளி தோன்றும். அதனைக் குணப்படுத்த உறுதியான சிகிச்சை இல்லை. கிரகணக் கண்ணாடியை அணிந்துகொண்டு பைனாகுலரில் பார்ப்பதும் ஆபத்தே. மாலையில் வெள்ளியையோ புதனையோ தேடுவோர் சூரியன் முற்றிலும் மறைந்த பிறகே கருவியை எடுக்கவும். பகலில் அதனைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். முழுநிலவின் ஒளி கண்ணைக் கூசச் செய்யுமேயன்றித் தீங்கு செய்யாது.

முதியவர்கள் மொட்டை மாடியில் நின்றபடி தலையை அண்ணாந்து பார்க்க வேண்டாம். கழுத்தெலும்புத் தேய்மானமோ, இரத்த அழுத்த மாத்திரைகளால் தலைச்சுற்றலோ உள்ளவர்கள் விழுந்துவிட நேரலாம். சாய்வு நாற்காலியில் அமர்ந்து, முழங்கைகளை அதன் கைகளில் ஊன்றிப் பாருங்கள், காட்சியும் ஆடாது. எழும்போது சற்று நிதானித்து எழுங்கள். கருவியைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய பெட்டியில் வைத்தால் வில்லைகளில் பூஞ்சை படராது.

வானம் சொல்லும் நோய்க்குறிகள்

உடன் நிற்பவர்கள் காணும் நட்சத்திரங்கள் ஒரு குழந்தைக்குத் தெரியாவிட்டால், அதற்குக் கவனக்குறைவே காரணம் என்று கடிந்துகொள்ள வேண்டாம். கிட்டப்பார்வையோ, வைட்டமின் ஏ குறைபாட்டால் வந்த மாலைக்கண்ணோ, பரம்பரை விழித்திரை நோயோ இருக்கக்கூடும். ஒரு கண்ணை மூடிய பிறகும் நிலவு இரண்டாகத் தெரிந்தால் கண்புரையோ சிதறல் பார்வையோ இருக்கலாம். விளக்குகளைச் சுற்றி வண்ண வளையங்கள் தோன்றி, கண்வலியும் தலைவலியும் சேர்ந்தால் அது கண் அழுத்த நோயின் அவசரநிலையாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். நீரிழிவுக்காக விழித்திரையில் லேசர் சிகிச்சை பெற்றவர்களுக்கு இருட்டில் பார்வை சற்றுக் குறைவது இயல்பு. அவர்கள் நிலவிலிருந்தும் வியாழனிலிருந்தும் தொடங்கலாம்.

அண்மையில் கண் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், எப்போது பைனாகுலரைப் பயன்படுத்தத் தொடங்கலாம் என்பதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டறிக. கண்ணாடியின் பவர் இறுதியாக முடிவான பின்னர் கருவியை வாங்குவதே சிக்கனம். மறுபரிசோதனைக்கு வரும்போது உங்கள் பைனாகுலரையும் கொண்டு வாருங்கள். அதனை உங்கள் கண்களுக்கேற்பச் சரிசெய்துகொள்ளும் முறையைக் காட்டித் தருகிறோம்.