அச்சுக்கு முன்னால் ஒரு சாண்

1940 செப்டம்பரில் அமெரிக்க ராணுவத்துக்கு முதல் ஜீப் மாதிரியைச் செய்து கொடுத்தது, பென்சில்வேனியாவின் பட்லர் ஊரில் இருந்த பாண்டம் என்ற சிறிய கார் நிறுவனம். 49 நாள் கெடுவுக்குள் முடித்துக் காட்டினார்கள். ஆனால் பெரிய ஆர்டர்கள் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போய்விட, பாண்டமுக்குக் கிடைத்தது ஜீப்பின் பின்னால் போகும் டிரெய்லர் செய்யும் வேலை.

அதையும் அருமையாகச் செய்தார்கள். ஜீப்பின் சக்கரமே டிரெய்லருக்கும். ஒரே உபரிச் சக்கரம் இரண்டுக்கும் உதவும். சக்கரங்களுக்கு இடையிலான அகலமும் ஜீப்புடையதே. அது பதித்த சேற்றுத் தடத்திலேயே டிரெய்லரும் வரும். தண்ணீர் புகாத தகரத் தொட்டி என்பதால் ஆற்றில் மிதக்கும். காட்டுப் பாதைக்கென்று வீட்டிலேயே டிரெய்லர் கட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை.

வெட்டுவதையும் வெல்டிங்கையும் பழகிக்கொள்ளலாம். அச்சை எங்கே வைப்பது என்பதில்தான் உயிர் இருக்கிறது.

மாட்டு வண்டிக்காரருக்கு இது புதிதல்ல. முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து வலிக்கும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். மாட்டின் வேகத்தில் அவ்வளவோடு போயிற்று. மணிக்கு 80 கிலோமீட்டரில் பின்பாரம் வேறொன்றைச் செய்கிறது.

காற்றோ பள்ளமோ டிரெய்லரை ஒரு பக்கம் தள்ளினால், டயர்கள் தரையைப் பற்றி அதை நேராக்கப் பார்க்கும். வந்த வேகத்தில் அது நேர்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போகும், ஊஞ்சலைப் போல. ஒவ்வொரு வீச்சிலும் டயர்களின் பிடி அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். ஆனால் வண்டியின் வேகம் கூடக்கூட இந்தத் தணிப்பு குறைந்துகொண்டே வந்து, ஒரு வேகத்தில் அற்றுப்போகிறது. அதற்கு மேல் ஆட்டம் தானாகவே வளரும். அதற்கான சக்தியை வண்டியின் முன்னோட்டமே ஊட்டுகிறது! பின்பாரம் ஏறினால் அந்த எல்லை வேகம் கீழே இறங்கிவிடும். ஆட்டம் தொடங்கிவிட்டால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதுதான் வழி. வேகத்தைக் கூட்டி நேராக்கலாம் என்பது ஆபத்தான நம்பிக்கை.

அதனால்தான் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கியில் உட்கார வேண்டும் என்று அமெரிக்காவில் விதி சொல்கிறார்கள். 500 கிலோ டிரெய்லர், கொக்கியிலிருந்து அச்சு 2.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ கொக்கியில் அமர, எடையின் மையம் அச்சுக்கு 25 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால் போதும். ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் மாட்டினால், கொக்கியிலிருந்து 24 கிலோ காணாமல் போகும். பாதுகாப்பில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. கனமானவற்றை அச்சுக்குப் பக்கத்திலேயே, தாழ்வாக அடுக்குவதும் இதே காரணத்துக்காகத்தான். இரு கோடிகளில் எடை இருந்தால், தொடங்கிய ஆட்டத்தை நிறுத்துவது கடினம்.

காட்டுப் பாதை இன்னொன்றையும் கேட்கிறது. ஜீப் ஒரு பக்கம் சாயும்போது டிரெய்லர் மறுபக்கம் சாயலாம். சாதாரண உருண்டைக் கொக்கி அந்த முறுக்கலுக்கு ஓரளவுதான் இடம் தரும். ராணுவ டிரெய்லரில் இருந்த வளையமும் கொக்கியும் தாராளமாகச் சுழன்று கொடுத்தன.

நீங்கள் கட்டப்போகிறீர்கள் என்றால் ஒரு வேண்டுகோள். ஸ்பிரிங் தாங்கிகளை முதலில் கிளாம்ப் போட்டு மட்டும் பிடியுங்கள். சுமக்கப்போகும் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றுங்கள். டிரெய்லரைச் சமமாக நிறுத்தி, கொக்கி முனைக்கு அடியில் குளியலறை எடைக்கருவியை வையுங்கள். எண் சரியாக வரும்வரை அச்சை நகர்த்துங்கள். வெல்டிங் அதற்குப் பிறகு.