வாடத் தாமதிக்கும் செடி

கோடைக்கால நண்பகல். மழை கண்டு இரண்டு மூன்று வாரமான ஒரு சோயா வயல். பெரும்பாலான வரிசைகளில் இலைகள் துவண்டு, வெளிறிய அடிப்புறம் தெரிய மடிந்து கிடக்கின்றன. இடையே ஒரு வரிசை மட்டும் அதே மண்ணில், அதே வெயிலில் இலை விரித்து நிற்கிறது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், அந்நாட்டு வேளாண்துறையின் பயிர் மரபியலாளர் தாமஸ் கார்ட்டரும் அவருடைய குழுவினரும் 1980களின் தொடக்கத்திலிருந்து தேடியது இப்படிப்பட்ட வரிசைகளைத்தான். ஜப்பானிலிருந்து வந்து விதை வங்கியில் வெறும் எண்ணாக இருந்த ஓர் இரகம் அவர்களுக்குக் கிடைத்தது. அந்த எண் பிஐ 416937. சோயாவின் வறட்சித் தாங்கும் திறன் பற்றிய ஆய்வில் இதைவிட அதிகம் அலசப்பட்ட செடி இருக்காது.

வெளிநாட்டு விதைகளிடம் போனதற்குக் காரணம் உண்டு. சோயாவின் பிறப்பிடம் சீனா. அமெரிக்காவில் அது பெரும்பயிராக வளர்ந்தது சென்ற நூற்றாண்டில்தான். அதுவும் கைப்பிடி அளவு மூதாதைகளை வைத்தே. 1947 முதல் 1988 வரை வட அமெரிக்காவில் பொதுத்துறை வெளியிட்ட இரகங்களின் வம்சாவளியைக் கார்ட்டர் குழு ஆராய்ந்தபோது, அவற்றின் மரபுப் பங்கில் 95 சதவீதத்துக்கு மேல் வெறும் 35 மூதாதைகளிடமிருந்து வந்தது தெரிந்தது. அந்தக் குடும்பத்துக்குள் வறட்சி தாங்கும் குணம் அரிதாக இருந்ததில் வியப்பில்லை. ஆசிய நாடுகளிலிருந்து திரட்டிய ஆயிரக்கணக்கான விதை மாதிரிகள் அமெரிக்க விதை வங்கியில் சேமிப்பில் இருந்தன. அவற்றிலிருந்து எடுத்து வயலில் விதைத்துப் பார்ப்பதே வழி. வட கரோலினாவின் சாண்ட்ஹில்ஸ் மணற்பகுதி இதற்கு வாகான இடம். ஈரம் தங்காத அந்த மண்ணில் மழை நின்ற சில நாளிலேயே பயிர் தவிக்கத் தொடங்கிவிடும்.

சரி, அந்த ஜப்பானியச் செடி வாடாமல் நின்றது எப்படி? ஆழமாக வேர் விட்டிருக்கும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அதன் வேர் பக்கவாட்டில் நன்றாகப் பரவுவதும் உண்மை. ஆனால் சுவையான விடை இலையில் இருந்தது.

இலையின் நுண்துளைகள் திறந்தால்தான் கரியமில வாயு உள்ளே வரும், செடி உணவு தயாரிக்கும். அதே துளை வழியாகத் தண்ணீர் ஆவியாகி வெளியேறவும் செய்யும். காலையில் காற்றில் ஈரம் இருக்கும்வரை இந்தப் பண்டமாற்றில் நட்டம் குறைவு. நண்பகல் தாண்டி ஒன்று, இரண்டு மணிக்குக் காற்று வறண்டு சூடேறும்போது, அதே அளவு கரியமில வாயுவுக்காக இழக்கும் தண்ணீர் பல மடங்காகிறது. பெரும்பாலான சோயா இரகங்கள் மண்ணில் ஈரம் இருக்கும்வரை இதைப் பொருட்படுத்தாமல் இறைத்துக்கொண்டே இருக்கும். பிஐ 416937 அப்படிச் செய்வதில்லை. காற்றின் வறட்சி ஏறத்தாழ 2 கிலோபாஸ்கல் அளவைத் தாண்டியதும் அதன் நீராவிப்போக்கு அதற்குமேல் உயராமல் நின்றுவிடுகிறது என்று பயிர் உடலியலாளர் தாமஸ் சின்கிளேரும் அவருடன் பணியாற்றியவர்களும் காட்டினார்கள். நாளின் மிகச் செலவான இரண்டு மூன்று மணிநேரத்தில் மட்டும் கையை இறுக்கிக்கொள்கிற செடி அது. இப்படி நாள்தோறும் மிஞ்சும் சிறு ஈரம் மண்ணிலேயே தங்கி, மூன்று வாரம் கழித்துக் காய் பிடிக்கும் வேளையில் உதவுகிறது. பக்கத்து வரிசை துவண்டபோது இது நிமிர்ந்து நின்றது, அந்த வரிசை எப்போதோ செலவழித்துவிட்ட நீரை இது இன்னும் வைத்திருந்ததால்.

அந்த இறுக்கம் இலையின் நீர்க்குழாய்களுக்கும் நுண்துளைகளுக்கும் இடைப்பட்ட தூரத்தில் நடக்கிறது. அங்கே செல் சவ்வுகளில் தண்ணீரைக் கடத்தும் புரதங்கள் இருக்கின்றன. வெள்ளி அயனி பட்டால் அவற்றில் பல அடைபட்டுவிடும். மற்ற இரகங்களின் இலைகளுக்கு வெள்ளி நைட்ரேட் கரைசல் கொடுத்தபோது நீராவிப்போக்கு சட்டென்று குறைந்தது. பிஐ 416937இன் இலைகள் அசைந்துகொடுக்கவில்லை. வெள்ளியால் அடைபடும் வகைப் புரதம் அதனிடம் குறைவாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். வயலில் கண்ணுக்குத் தெரிந்த ஒரு குணத்தைப் புரதம்வரை பின்தொடர்ந்து போன இந்தத் தேடலை நான் மிகவும் மதிக்கிறேன்.

இலையோடு கதை முடியவில்லை. சோயா விதையில் சுமார் 40 சதவீதம் புரதம். நம் ஊர்க் கடைகளில் மீல்மேக்கர் என்று கேட்டு வாங்குவது, எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் அந்தப் புரதமாவில் செய்ததுதான். இவ்வளவு புரதத்துக்கு ஏராளமான தழைச்சத்து வேண்டும். அதில் பெரும்பகுதியை வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலிருந்து பிடித்துத் தருகின்றன. சோயாவின் பெரிய பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. மண் காயத் தொடங்கும்போது இலை தன் வேலையைக் குறைப்பதற்கு முன்பே முடிச்சுகள் வேலையை நிறுத்திவிடுகின்றன. செடி பச்சையாகவே இருக்கும். பார்ப்பவருக்கு வறட்சி இன்னும் வரவில்லை என்று தோன்றும். ஆனால் விதைக்குச் சேர வேண்டிய தழைச்சத்து அப்போதே தடைபட்டிருக்கும்.

நிலக்கடலையும் கொண்டைக்கடலையும் இந்த விஷயத்தில் சோயாவைவிட உறுதியானவை. அவற்றின் முடிச்சுகள் தழைச்சத்தை அமைடு வடிவில் அனுப்புகின்றன. சோயாவும் தட்டைப்பயறும் அலண்டாயின் முதலான யூரைடுகளாக அனுப்புகின்றன. வறட்சியில் இலையால் யூரைடுகளைச் சிதைத்துப் பயன்படுத்த முடியாமல் போகிறது. அவை தேங்குகின்றன. அந்தத் தேக்கமே ‘போதும், நிறுத்து’ என்ற செய்தியாக முடிச்சுக்குப் போகிறது என்பது சின்கிளேர் முதலானோரின் விளக்கம். ‘ஜாக்சன்’ என்ற பழைய அமெரிக்க இரகத்தில் யூரைடு இப்படித் தேங்குவது குறைவு. மண் காய்ந்த பின்னும் அதன் முடிச்சுகள் வேலை செய்தன. ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் லாரி பர்செலும் உடன் இருந்தவர்களும் ஜாக்சனைக் கேஎஸ் 4895 என்ற இரகத்துடன் கலந்து, ஆர்01-416எஃப், ஆர்01-581எஃப் என்ற இரண்டு வழித்தோன்றல்களை உருவாக்கினார்கள். வறட்சியிலும் தழைச்சத்தை விடாமல் பிடிப்பவை என்று அவை இனப்பெருக்க ஆய்வாளர்களுக்குப் பெற்றோராக வழங்கப்பட்டன.

இரண்டு குணங்களில் எது பெரிது? சின்கிளேர் குழு அமெரிக்காவின் பல இடங்களுக்குப் பல பத்தாண்டு வானிலைப் பதிவுகளைக் கொண்டு கணினியில் பயிர் வளர்த்துப் பார்த்தது. முடிச்சு தாக்குப்பிடிக்கும் குணமே மிகப் பரவலாக விளைச்சலைக் கூட்டியது. ஏறக்குறைய எந்த ஆண்டிலும் அதனால் கேடில்லை. நண்பகலில் நீரை மிச்சம் பிடிக்கும் குணம் அப்படியல்ல. மழை தாராளமான ஆண்டில் அது செடியின் உணவுத் தயாரிப்பையும் கொஞ்சம் கட்டிப்போடும். மிச்சம் பிடித்த நீருக்குத் தேவையே வராமல் போனால், விட்டுக்கொடுத்த விளைச்சல் போனதுதான். ‘வறட்சி தாங்கும் விதை’ என்று யாராவது விற்றால், எந்த மண்ணுக்கு, எந்த மாதத்து வறட்சிக்கு என்று கேட்காமல் வாங்கக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வேன்.

கண்டுபிடித்த குணத்தை உழவர் விதைக்கும் இரகத்துக்குள் கொண்டுவருவது வேறு வேலை. விதை வங்கிச் செடிகள் பொதுவாக விளைச்சல் குறைந்தவை, எளிதில் சாய்பவை. பலமுறை கலந்து, பலமுறை கழித்தாக வேண்டும். ஜப்பானின் பிஐ 416937, நேபாளத்தின் பிஐ 471938 ஆகிய இரண்டின் வழியும் சேர்ந்த யுஎஸ்டிஏ-என்8002 என்ற நல்ல விளைச்சல் தரும் இரகத்தின் பதிவு 2016இல் வெளிவந்தது. தேடல் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கும் மேல். அர்ஜென்டினா வேறொரு பாதையில் போனது. ராக்குவேல் சான் என்னும் அறிவியலாளரின் குழு சூரியகாந்தியில் கண்ட ஒரு மரபணுவைச் சோயாவில் சேர்த்து எச்பி4 சோயாவை உருவாக்கியது. 2015இல் அந்நாடு அனுமதித்தது. பெரிய வாங்குநரான சீனாவின் இறக்குமதி அனுமதி 2022இல்தான் கிடைத்தது.

இந்தியாவில் சோயா பெரும்பாலும் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் மாநிலங்களின் மானாவாரிப் பயிர். ஜூன், ஜூலையில் விதைத்து மழையை நம்பி இருக்க வேண்டியதுதான். ஜபல்பூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜேஎஸ் 335 பல ஆண்டுகள் அங்கே கோலோச்சியது. பின்னர் ஏறத்தாழ 85 நாளில் முதிரும் ஜேஎஸ் 95-60 பரவியது. இது வறட்சியைத் தாங்குவதல்ல, அது வருமுன் முடித்துக்கொண்டு தப்பிப்பது. செப்டம்பரில் மழை முன்னதாக விடைபெறும் ஆண்டில் இந்த உத்தி பயிரைக் காப்பாற்றுகிறது. ஆனால் ஆகஸ்டில் பூக்கும் நேரத்தில் மழை இடைவெளி விழுந்தால், குறுகிய வயதுச் செடிக்கு மறுபடி பூத்து ஈடுகட்ட நாள் போதாது. விதர்பாவின் ஆழமான கரிசலுக்கும், சில அங்குலத்தில் பாறை தட்டும் மேட்டு நிலத்துக்கும் ஒரே இரகத்தைப் பரிந்துரைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நீரை மிச்சம் பிடிக்கும் குணத்துக்கு, மிச்சத்தைச் சேர்த்துவைக்க ஆழமான மண் வேண்டும்.

வாடலை அளக்க இன்றும் ஆய்வாளர்கள் நண்பகலில் வயலில் நடந்து, வாடாத செடிக்குப் பூஜ்யம், செத்த செடிக்கு நூறு என்று கண்ணால் மதிப்பெண் போடுகிறார்கள். இப்போது டிரோனில் பொருத்திய வெப்பக் கேமராக்களும் வந்திருக்கின்றன. அதிக நீரை ஆவியாக்கும் இலை குளிர்ந்திருக்கும் என்பது அவற்றின் அடிப்படை. மண்ணில் ஈரம் உள்ள நாளில் படம் எடுத்தால், நீரை மிச்சம் பிடிக்கும் வரிசை சூடாகத் தெரியும். மூன்று வாரம் மழையில்லாதபின் எடுத்தால் அதே வரிசைதான் அக்கம்பக்கத்தைவிடக் குளிர்ச்சியாகத் தெரியும். அதனால் படத்தோடு, அது எடுத்த தேதியும் கடைசி மழையின் தேதியும் குறிப்பில் இருந்தாக வேண்டும்.