இணையக் கடையும் நூலின் பெயரும்

கடைத்தெருவில் நூல் வாங்கச் செல்பவர் அலமாரியைக் கண்ணால் துழாவுகிறார். நாடிய நூல் இல்லையெனினும் அதன் அருகில் நிற்கும் மற்றொன்று கைக்கு வந்துவிடும். இணையக் கடையில் வகைப்பட்டியல் உண்டெனினும், பலரும் தேடற்பெட்டியில் பெயரையே தட்டச்சிடுகின்றனர். அச்சொல்லும் விற்பவர் எழுதிவைத்த சொல்லும் பொருந்தாவிடில் நூல் வெளிவருவது அரிது. ஆகவே அங்குச் சரக்கை அடுக்குதல் பெரிதும் சொல்லை அடுக்குதலேயாகும்.

தமிழ் நூல் விற்போர் இடர்ப்படுவது இங்கேதான். திருக்குறளை உரோமன் எழுத்தில் எழுதுங்கால், முதலெழுத்துடன் 'எச்' சேர்ப்பார் சிலர், சேர்க்காதார் சிலர். ககரத்தை இரட்டிப்பார் சிலர், இரட்டியாதார் சிலர். இவ்விரண்டால் மட்டுமே ஒரு நூலுக்கு நான்கு வடிவம் உண்டாகின்றது. ஒன்றை மட்டும் எழுதிவைத்த கடையில், மற்ற மூன்றைக் கொண்டு தேடுவோர் 'நூல் இல்லை' என்று திரும்பவும் கூடும். நூலோ கிடங்கில் தூசு படிந்து கிடக்கும்.

தமிழெழுத்திலேயே எழுதினால் தொல்லை தீராதோ எனின், முற்றும் தீராது. யூனிக்கோடு முறையில் 'தொல்காப்பியம்' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம்; கொம்பு, கால் என இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இவற்றை ஒருமைப்படுத்தாத கணினி நிரலுக்கோ வேறு வேறு. (அச்சுக்கோப்பவர் மீது பழி சுமத்தவும் இங்கு வழியில்லை.) எனவே தலைப்பைத் தமிழில் எழுதி, வழக்கிலுள்ள உரோமன் வடிவங்களையெல்லாம் தேடுசொற்களாகச் சேர்த்தல் வேண்டும். 2007 முதல் 13 இலக்கமாக வழங்கும் பன்னாட்டுத் தரநூல் எண்ணையும் குறித்தால், எழுத்துக்கூட்டு வேறுபாடு தடையாகாது.

முகப்பட்டையின் படம் தெளிவாயிருந்தாற் போதும். விளக்கத்தில் 'அனைவரும் கற்க வேண்டிய அரிய நூல்' என்று புகழ்வது வீண். பரிமேலழகர் உரையா, மு. வரதராசனார் உரையா, சீர் பிரித்த பதிப்பா என்பதே ஆசிரியர்க்கு வேண்டும். வகுப்புக்கு முப்பது படிகள் வாங்கியவர்க்கு வேறு உரை வந்து சேர்ந்தால், திருப்பியனுப்பும் செலவு பெரும்பாலும் விற்பவர் தலையிலேதான் விழும்.

1995 இல் நூல் விற்கத் தொடங்கிய அமேசான், ஒன்றை வாங்கியோர் உடன் வாங்கிய பிறவற்றைக் கணித்துக் காட்டும் முறையைப் பின்னர்க் கையாண்டது. அலமாரியின் அண்டை இதனால் ஓரளவு மீள்கின்றது. ஆயினும் எவரும் வாங்காத நூலுக்கு இவ்வண்டை வாய்க்காது. குறைவாக விற்கும் தமிழ்க் கடைக்காரர் அதனைத் தம் கையாலேயே அமைத்தல் வேண்டும்: மூதுரையைத் தேடுவோர்க்கு அதன் பக்கத்தில் நல்வழியும், நன்னூலைத் தேடுவோர்க்குத் தொல்காப்பிய எழுத்ததிகார உரையும்.