பஞ்சமத்தில் முனகும் ஆம்ப்ளிஃபையர்

“சார், ஆன் பண்ண உடனே ஸ்பீக்கர்ல ‘உம்ம்’னு ஒரு சத்தம். வால்யூமை ஜீரோவுல வெச்சாலும் போகல. இன்னும் ரெண்டு கண்டென்சர் சேர்த்துப் போட்டா சரியாயிடுமா?”

வீட்டில் ஆம்ப்ளிஃபையர் செய்யும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். சரியாகாது தம்பி என்பதுதான் பதில். ஏன் சரியாகாது என்று சொல்ல ஒரு டீ போதாது, இன்னொன்றும் சொல்லிவிடுவோம்.

முதலில் அந்த ‘உம்’முக்குக் கொஞ்சம் காது கொடுங்கள். மயிலாப்பூர்க்காரர்களுக்கு இது சுலபம். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ரெக்டிஃபையரைத் தாண்டும்போது அலையின் கீழ்ப் பாதியும் மேல்பக்கம் புரட்டப்படுவதால் நொடிக்கு 100 மேடுகள் வரும். ஆக ஆம்ப்ளிஃபையரின் முனகலுக்கு ஆதாரம் பெரும்பாலும் 50 அல்லது 100. இப்போது இதைப் பாருங்கள்: ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் தம்புராவில் பஞ்சமத் தந்தி 98 ஹெர்ட்ஸ். நம்முடைய 100 அதற்கு இரண்டே ஹெர்ட்ஸ் தள்ளி உட்காருகிறது. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் நொடிக்கு இரண்டு தரம் ஒலி எழும்பி அடங்கும். அபசுருதி என்று தெரியும், எங்கே என்று பிடிபடாது. சினிமாப் பாட்டில் டிரம்ஸுக்கு அடியில் இது மறைந்துவிடலாம். தம்புராவை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு ஆலாபனை தொடங்கும் இடத்தில் மறையவே மறையாது. பழைய வானொலிக் கச்சேரிகளைத் தேடித்தேடிச் சேர்த்து வைத்திருப்பவர்கள் இந்த முனகலை, அதாவது ஹம்மை, கொஞ்சம்கூடச் சகித்துக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்வது அதனால்தான்.

50 ஹெர்ட்ஸும் அதே பஞ்சமம்தான், ஒரு ஸ்தாயி கீழே. இந்த வித்தியாசம் காதுக்குப் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. 100 என்றால் உங்கள் பெட்டிக்குள் பவர் சப்ளைப் பக்கம் பார்க்க வேண்டும். 50 என்றால் வெளியிலிருந்து கேபிள் வழியாக வருகிறது, அல்லது டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தை இன்புட் வயர் வாங்கிக்கொள்கிறது.

பவர் சப்ளையை ஏதோ ஓரத்தில் இருக்கும் துணைச் சாமான் என்று நினைக்கிறார்கள். ஸ்பீக்கரின் கோனை அசைப்பது முழுக்க முழுக்கப் பவர் சப்ளையின் மின்சாரம்தான். ஃபோனிலிருந்து வரும் சிக்னல், அதை எவ்வளவு திறந்துவிட வேண்டும் என்று ஐ.சி.க்குச் சொல்கிறது, அவ்வளவே. டிரான்ஸ்ஃபார்மரையும் ரெக்டிஃபையரையும் மெட்ரோ வாட்டர் லாரி என்றும், ஃபில்டர் கண்டென்சரை வீட்டு சம்ப் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். லாரி நொடிக்கு 100 தடவை வருகிறது. வந்து கொஞ்ச நேரம்தான் நிற்கும். அதற்குள் மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டுப் போய்விடும். அடுத்த லாரி வரும்வரை வீடு சம்ப்பிலிருந்துதான் இறைக்கிறது. 1 ஆம்பியர் இழுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு 10,000 மைக்ரோஃபாரட் போட்டால் அந்த இடைவெளியில் மட்டம் ஏறக்குறைய 1 வோல்ட் இறங்கும். இதுதான் ரிப்பிள். 2,200 போட்டால் 4 வோல்ட் அளவுக்கு இறங்கும். எனவே நல்ல கண்டென்சர் அவசியம்தான். ஆனால் பாட்டே ஓடாத நேரத்தில் எல்.எம். 3886 மாதிரி ஒரு ஐ.சி. இழுப்பது 50 மில்லி ஆம்பியர் அளவுதான். அப்போது ரிப்பிளும் சொற்பம், அந்தச் சொற்பத்தையும் ஐ.சி. தானே அமுக்கிவிடும். வால்யூம் ஜீரோவில் கேட்கும் ஹம்முக்கு இன்னும் இரண்டு கண்டென்சர் வாங்குவது வீண் செலவு.

பின் ஹம் எங்கிருந்து வருகிறது? லாரி கொட்டும் வேகத்திலிருந்து. சராசரி 100 மில்லி ஆம்பியராக இருந்தாலும், அது ஓரிரு மில்லிசெகண்டுக்குள் கண்டென்சருக்குள் பாய்வதால் உச்சத்தில் 1 ஆம்பியரைத் தொடலாம். அந்தப் பாய்ச்சல் எந்த வயர் வழியாகப் போகிறது என்பதுதான் கேள்வி.

இந்திரா நகரிலிருந்து ஒரு பையன் கொண்டுவந்த பெட்டியைச் சொல்கிறேன். 18-0-18 டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு எல்.எம். 3886, சாலிடரிங் கண்ணாடி மாதிரி. ஆனால் டிரான்ஸ்ஃபார்மரின் சென்டர் டேப்பிலிருந்து கிளம்பிய கறுப்பு வயர் நேரே இன்புட் சாக்கெட்டின் கிரவுண்டுக்குப் போய், அங்கிருந்து போர்டுக்கு வந்து, போர்டிலிருந்து கண்டென்சருக்குப் போயிருந்தது. எல்லாம் கிரவுண்டுதானே, எங்கே சேர்த்தால் என்ன என்று நினைத்திருக்கிறான். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு 3.4 மில்லி ஓம். அதில் 1 ஆம்பியர் பாய்ந்தால் 3.4 மில்லிவோல்ட். ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் அந்த வோல்ட்டேஜ் இருப்பது இன்புட்டின் கிரவுண்டில், ஐ.சி. அதையும் பாட்டு என்று எடுத்துக்கொண்டு 21 மடங்கு பெருக்கி ஸ்பீக்கருக்கு 70 மில்லிவோல்ட்டாக அனுப்புகிறது. ராத்திரி அமைதியில் அடுத்த அறைக்குக் கேட்கும்.

செய்தது இவ்வளவுதான். சென்டர் டேப் வயரை எடுத்து இரண்டு கண்டென்சர்களும் சேரும் நடுப்புள்ளியில் சாலிடர் செய்தோம். அந்தப் புள்ளியிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி ஒரு தனிப்புள்ளி வைத்து, போர்டின் கிரவுண்டு, ஸ்பீக்கரின் நெகட்டிவ் எல்லாம் அங்கே வந்து சேரும்படி மாற்றினோம். இன்புட் கிரவுண்டு ஷீல்டு வயரோடு போர்டுக்கு மட்டும் போகிறது, வேறெங்கும் தொடவில்லை. சார்ஜ் ஆகும் மின்சாரம் கண்டென்சருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவிலேயே சுற்றட்டும். பாட்டு போகும் வயரில் அது கால் வைக்கக் கூடாது. ஹம் நின்றுவிட்டது. புதிதாக ஒரு பார்ட்டும் வாங்கவில்லை.

கோளாறு பார்க்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். புதுப் பெட்டியை நேரடியாகப் பிளக்கில் சொருகவே கூடாது. 60 வாட் குண்டு பல்பு ஒன்றை ஃபேஸ் வயரில் சீரிஸாகப் போட்டு ஒரு போர்டு செய்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய ரேடியோ மெக்கானிக்குகள் மேஜையில் இது இல்லாமல் இருக்காது. ஆன் செய்ததும் பல்பு பளிச்சென்று எரிந்து ஓரிரு நொடியில் மங்கினால் கண்டென்சர் சார்ஜ் ஆகிவிட்டது, சரி. எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட், ஐ.சி. வேகுமுன் தெரிந்துகொண்டீர்கள். அடுத்து மல்டிமீட்டரில் பிளஸ், மைனஸ் இரண்டும் சமமா என்று பாருங்கள். ஸ்பீக்கர் மாட்டாமல் அவுட்புட்டில் டிசி அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 25 வோல்ட் நின்றால், 8 ஓம் ஸ்பீக்கரின் காயிலில் கிட்டத்தட்ட 80 வாட் வெறும் சூடாக இறங்கும். புகை வர அதிக நேரம் ஆகாது.

ஹம் இருந்தால் இன்புட் சாக்கெட்டை ஷார்ட் செய்து கேளுங்கள். நின்றுவிட்டால் குற்றம் உங்கள் பெட்டியில் இல்லை. செட்டாப் பாக்ஸின் கேபிள் வயரைக் கழற்றிப் பாருங்கள், லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். அந்த இரண்டில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்: எர்த்துக்கு இரண்டு வழி கிடைத்துவிட்டால் நடுவில் ஒரு வளையம் உண்டாகி அதில் 50 ஹெர்ட்ஸ் சுற்றும்.

பகலெல்லாம் நன்றாகப் பாடிய ஆம்ப்ளிஃபையர் ராத்திரி பத்து மணிக்கு மேல் உயிரை விடுவதும் உண்டு. இதில் மர்மம் இல்லை. 18 வோல்ட் ஏசியை ரெக்டிஃபை செய்தால் 1.414 மடங்கு, அதாவது 25.5 வோல்ட் டிசி. இது 230 வோல்ட் வரும்போது, முழு லோடில். ராத்திரி லைன் 250-ஐத் தொட்டு, லோடும் இல்லாதபோது டிரான்ஸ்ஃபார்மர் தன் பங்குக்குப் பத்து சதவீதம் கூட்டிக் கொடுத்தால் ஏறக்குறைய 30. டிடிஏ 2050 என்ற ஐ.சி. தாங்குவது பிளஸ் மைனஸ் 25 வோல்ட்தான். அதை 18-0-18-இல் மாட்டினால் என்றோ ஒருநாள் போகத்தான் போகும். எல்.எம். 3886 இரண்டு பக்கமும் சேர்த்து 84 வோல்ட் வரை தாங்கும், அதற்கு இது பொருட்டே இல்லை. கண்டென்சருக்கும் இதே கணக்கு: 25 வோல்ட் என்று எழுதியதை வாங்காதீர்கள், 35 விளிம்பில் நிற்கும், 50 வாங்குங்கள். கணக்கை ராத்திரி வோல்ட்டேஜுக்குப் போட வேண்டும்.

ஹீட்சிங்க் கணக்கை மே மாதத்துக்குப் போட வேண்டும். புத்தகங்கள் பெரும்பாலும் 25 டிகிரியில் தொடங்குகின்றன. தி.நகரில் மே மாதப் பிற்பகலில் அறை 38 டிகிரி, டிவி ஷோகேஸின் கண்ணாடிக் கதவுக்குள் 45. பிளஸ் மைனஸ் 25 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கரை ஓட்டும் எல்.எம். 3886, மோசமான நிலையில் ஒரு சேனலுக்கு 18 வாட் சூட்டைத் தள்ளும். இரண்டுக்கும் 36. வாட்டுக்கு 1 டிகிரி ஏறும் ஹீட்சிங்க் என்றால் 25 டிகிரி ஊரில் 61-இல் நிற்பது உங்கள் ஷோகேஸுக்குள் 81-ஐத் தொடும். ஐ.சி. இதைச் சமாளித்துவிடும். பக்கத்தில் நிற்கும் கண்டென்சர்தான் சமாளிக்காது. அதன் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் இரண்டு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. 85 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று எழுதியது 65 டிகிரியில் 8,000 மணி ஓடும். தினம் ஐந்து மணி பாட்டுக் கேட்டால் நான்கு வருஷம் சொச்சம். அதே இடத்தில் 105 டிகிரி ரகம் 32,000 மணி ஓடும். விலை வித்தியாசம் மிகக் குறைவு.

கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபையர் செய்ய ஆசைப்படுகிறவர்களிடமும் ஒரு வார்த்தை. 1969-இல் ஜான் லின்ஸ்லி ஹூட் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் வெளியிட்ட 10 வாட் டிசைன் அருமையானது, எளிமையானது. ஆனால் 27 வோல்ட்டில் 1.2 ஆம்பியரை எந்நேரமும் இழுக்கும். ஸ்டீரியோவுக்கு 65 வாட், பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும். இங்கிலாந்தின் குளிருக்கு அது பொருத்தம். இங்கே டிசம்பர் சீசனில் கேட்டு மகிழலாம், சித்திரையில் மூடி வைக்க வேண்டியதுதான்.

சென்னையில் இந்தக் கைவேலைக்கு நூறு வயதாகிவிட்டது. 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கி, 40 வாட் டிரான்ஸ்மிட்டரில் ஒலிபரப்பினார்கள். பணமில்லாமல் 1927-இல் கிளப் நின்றது. அதன் டிரான்ஸ்மிட்டரை வைத்து 1930-இல் மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடர்ந்தது. அகில இந்திய வானொலியின் நிலையம் இங்கே 1938-இல்தான் வந்தது. இன்று சாமான் வாங்க மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கும் தூரம். அங்கே போகும்போது பணத்தை எதில் போடுவது என்று தெளிவாக இருங்கள். முதலில் டிரான்ஸ்ஃபார்மர். செம்புக் கம்பியா அலுமினியமா என்று கேளுங்கள். 18-0-18, 5 ஆம்ப் என்றால் 180 விஏ. சாதாரணத் தகடு கோரில் சுற்றியது 2 கிலோகூட இல்லையென்றால் மேலே எழுதியிருப்பதை நம்பாதீர்கள். அடுத்து ஹீட்சிங்க், பிறகு கண்டென்சர். ஐ.சி. கடைசி. ஆனால் அதில் போலி நிறைய உலவுகிறது. மற்ற கடைகளைவிடப் பாதி விலை என்றால் அதை விட்டுவிடுங்கள். பெசன்ட் நகர், சாந்தோம் பக்கம் வீடு என்றால் சாக்கெட்டுகளில் தங்க முலாம் ஆடம்பரம் இல்லை. உப்புக்காற்றில் மற்றவை கறுத்துப்போய்ப் பாட்டில் கரகரப்பு வரும்.

கடைசியாக ஒன்று. ஹம் போக வேண்டுமென்று மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றிவிடும் பழக்கம் இருக்கிறது. ஹம் போய்விடும், உண்மைதான். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரின் உள் இன்சுலேஷன் என்றைக்காவது விட்டால் அந்த உலோகப் பெட்டி முழுக்க 230 வோல்ட் நிற்கும். வால்யூமைத் திருப்ப வீட்டில் யார் வேண்டுமானாலும் கை வைப்பார்கள். சரியான வழி இருக்கிறது: பெட்டியின் உடம்பை ஒரு ஸ்குரூ போட்டு எர்த் வயரோடு நேரடியாக இறுக்குங்கள். சிக்னல் கிரவுண்டை மட்டும் ஒரு 10 ஓம் ரெசிஸ்டர் வழியாக உடம்போடு சேர்த்து, ரெசிஸ்டருக்கு இணையாக எதிரெதிர் திசையில் இரண்டு கனமான டயோடுகளைப் போடுங்கள். வளையத்து ஹம்மும் அடங்கும், பாதுகாப்பும் இருக்கும். எர்த் பின்னைக் கழற்றி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்று ராத்திரி பாட்டுப் போடுவதற்கு முன் அதைத் திரும்ப மாட்டிவிடுங்கள்.