பாலத்தின் வழியே போன அலை

வியாழன் இரவு, அல் கோபார் கார்னிஷ். கையில் சுலைமானி. எதிரே பஹ்ரைன் பாலத்தின் பக்கம் பார்த்தபடி தம்பி கேட்டான்: "எங்கேயோ ரெண்டு கருந்துளை முட்டிக்கிட்டா நமக்கென்னண்ணே?"

2015 செப்டம்பர் 14, திங்கட்கிழமை. இங்கே மதியம் 12:50. வெயில் காலச் சட்டப்படி வெளிவேலை நிறுத்தியிருக்கும் நேரம். சைட்டில் நிழல் தேடிப் படுத்திருந்த உன் உடம்பின் வழியாகத்தான் அந்த முட்டலில் எழுந்த ஈர்ப்பலை போனது என்றேன். சிரித்தான்.

சுமார் 130 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு கருந்துளைகள். ஒன்றின் நிறை 36 சூரியன், மற்றது 29. சுற்றிச் சுற்றி ஒன்றாகி 62 ஆயின. ஓவர்டைம் கணக்கில் அரை மணியையும் விடாதவன் உடனே பிடித்துக்கொண்டான்: "65 வரணுமே! மூணு எங்கே போச்சு?"

அந்த மூன்று சூரியன்தான் ஆற்றலாகி அலையாய்ப் போனது. தட்டினால் டீயில் எழும் அலை மாதிரியில்லை இது. இடமே நீண்டு சுருங்குகிற அலை. நம் பாலம் 25 கிலோமீட்டர். அன்று அது புரோட்டான் அகலத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட மாறியிருக்காது.

அதையும் அளந்தார்கள். அமெரிக்காவில் லைகோ என்ற கருவி: 'ட' போல இரண்டு கைகள், தலா 4 கிலோமீட்டர். ஒரே லேசர் ஒளியைப் பிரித்து இரண்டிலும் அனுப்பி, கண்ணாடியில் மோதித் திரும்ப வைப்பார்கள். கைகளின் நீளம் சற்றே மாறினாலும் திரும்பும் ஒளிகள் சேரும் விதம் மாறிவிடும். லாரி போன அதிர்வாக இருந்தால்? அதற்குத்தான் 3,000 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கருவி. லிவிங்ஸ்டன் ஊர்க் கருவியில் பதிந்த அதே நெளிவு, 7 மில்லிநொடி கழித்து ஹான்ஃபோர்ட் கருவியிலும் பதிந்தது.

இந்தக் கதையில் நம்மூர்க்காரர் ஒருவரும் உண்டு. 1930இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து, 19 வயதில் பம்பாயிலிருந்து கப்பலேறிய சந்திரசேகர். வெள்ளைக் குள்ள விண்மீன் ஏறக்குறைய 1.4 சூரிய நிறைக்கு மேல் தாங்காது என்ற கணக்கு அந்தப் பயணத்தில்தான் பிறந்தது. அதற்கு மேல் போனால் என்ன ஆகும் என்ற கேள்விதான் கருந்துளைக்கு வழி காட்டியது. வானியலாளர் எடிங்டன் அதைக் கேலி செய்தார். நோபல் வர 1983 ஆனது.

தம்பி வேறு பக்கம் தாவினான்: "பல பிரபஞ்சம் இருக்குன்னு சொல்றாங்களே, வேற பிரபஞ்சத்துல எனக்கு எக்ஸிட் அடிச்சிருப்பாங்களாண்ணே?"

பல பிரபஞ்சம் பற்றிக் கணக்கு எழுதியிருக்கிறார்கள் தம்பி. ஆனால் அங்கிருந்து 7 மில்லிநொடி இடைவெளியில் எதுவும் வந்து பதியவில்லை.